எர்ணாவூரில் உப்புக்காற்றைத் தாங்கும் உயிர்வேலி எது?

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீடு வடசென்னை எர்ணாவூரில், கடலுக்கு மிகப் பக்கத்தில். பின்பக்கம் புதிதாக மூன்று மாடி எழும்பிவிட்டது. அம்மா துணி காயப்போடக்கூடத் தயங்குகிறார். 5 அடி காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, 30 அடி நீளத்துக்கு, 8 அடி உயரத்தில் அடர்த்தியான உயிர்வேலி வேண்டும். இடம் 2 அடி அகலம்தான்.

போன ஆடியில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வைத்தோம். மழைக்காலம் முழுக்க நன்றாகத் துளிர்த்தன. மாசி பிறந்ததும் இலை நுனி பழுப்பாகி, ஓரம் கருகி, உள்நோக்கிப் பரவியது. கடலைப் பார்த்த பக்கம் மொட்டை, வீட்டுப் பக்கம் பச்சை. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. தோண்டினால் வெறும் மணல். போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 3,000-க்கு மேல். ஊற்றிய இடம் காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. செம்மண், மாட்டு எரு, தேங்காய் நார்க்கழிவு எல்லாம் போட்டாயிற்று. பச்சை வலை கட்டினேன், காற்று கிழித்துவிட்டது. மெட்ரோ தண்ணீர் குடிக்கவே சரியாக இருக்கிறது.

அரளி இந்தக் காற்றைத் தாங்கும், தெரியும். ஆனால் வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது, விஷச்செடி வேண்டாம். கோனோகார்பஸ் மரமும் வேண்டாம், தமிழக அரசே தடை செய்துவிட்டது.

நொச்சி, கொடுக்காப்புளி, பூவரசு மூன்றில், இந்த உப்புத் தண்ணீரை மட்டுமே ஊற்றி, 2 அடி இடத்தில் வெட்டி வெட்டி அடர்த்தியாக வளர்க்கக்கூடியது எது? திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வளர்த்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.