புதுப்பிப்பு: 53 வயதில் விசைப்பலகை மாற்றம்
போன மாதம் இதே இழையில் கேட்டிருந்தேன்: செங்கலடியில் தட்டச்சு வேலை, இருபது வருசம் பாமினி என்ற பழைய எழுத்துருவும் அதன் விசைப்பலகையும், இப்போது அலுவலகம் எந்தக் கணினியிலும் ஒரேமாதிரித் தெரியும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாறுகிறது, இந்த வயதில் புதிதாகப் பழக ஏலுமா என்று.

ஏலும். நீங்கள் சொன்ன தமிழ்99 விசைப்பலகையைத்தான் பிடித்தேன். உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. என்னை வென்றது தானாக விழும் புள்ளி: அ, ம, ம, ஆ என்று நாலே தட்டில் ‘அம்மா’ வந்து நிற்கிறது!

‘கெ’யில் முன்னால் நிற்கும் கொம்புதான் இன்னும் கஷ்டம். பாமினியில் அதை முதலில் போட்டுப் பழகிய விரல்; இங்கே க, பிறகு எ தட்டினால்தான் ‘கெ’. முதல் கிழமை அழுகையே வந்தது. பிறகு அம்மம்மாவின் தாலாட்டை இரவில் தட்டிப் பழகினேன். மனப்பாடம் என்பதால் கண் விசையிலேயே நிற்கலாம்.

நேற்று ஒரு பக்கக் கடிதம், விசையைப் பாராமலே முடித்தேன். பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்ட பழைய கோப்புகளை, பிழை பார்க்க மறுபடி வாசிக்கச் சொல்லி இங்கே எழுதிய தம்பி, நன்றி. அதுதான் அடுத்த வேலை.