மலைக்கு அடியில் எண்ணெய்: அடர்த்தி எண் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். தக்கலையில் இருந்து எழுதுகிறேன், புவி இயற்பியல் மாணவி. வடகிழக்கு இந்தியாவின் நாகா மலையடிவாரம் போல, பழைய பாறை இளைய படிவுகள்மேல் ஏறிக் கிடக்கும் இடத்தில் எண்ணெய் தேடுவதற்கு ஈர்ப்புத் தரவை அலசுகிறேன். கீழே லேசான படிவு தடிமனாக இருந்தால் ஈர்ப்பு சில மில்லிகால் (ஈர்ப்பை அளக்கும் சிறு அலகு) குறையும். நில அதிர்வுப் படம் (அதிர்வலை அனுப்பி நிலத்தடியைப் பார்க்கும் படம்) கலங்கிப்போகிற மலையில் அது பெரிய துணை.

போகே திருத்தத்துக்கு, அதாவது மலைப்பாறையின் ஈர்ப்பைக் கணக்கிட்டுக் கழிப்பதற்கு, வழக்கமான அடர்த்தி 2.67 (கிராம்/கன செ.மீ.) போட்டால் வரைபடத்தில் மலையின் உருவமே திரும்ப வருகிறது. மலையின் உருவம் மிகக் குறைவாகத் தெரியும் அடர்த்தியைத் தேர்ந்தெடுக்கும் நெட்டில்டன் முறையும் கைகொடுக்கவில்லை. அங்கே பாறை மடிப்புதானே மலையாக நிற்கிறது, இரண்டையும் பிரிக்க முடியவில்லை! நம்ம ஊர் சார்னோக்கைட் (ஒரு கெட்டிப் பாறை) துண்டை நூலில் கட்டி, வாளித் தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்த்துவிட்டேன். மணற்பாறை தண்ணீர் குடிக்குமே, அதை எப்படி அளப்பது? பாறைக்குப் பாறை அடர்த்தி மாற்றித் திருத்தம் செய்தவர்கள் சொல்லுங்கள் அண்ணே, அக்கா. நாகர்கோவில் பக்கம் என்றால் நேரிலேயே வருகிறேன்.