சிக்னல்ல நின்னா கார் சூடாகுது, ஹெட் கேஸ்கட் போயிடுச்சுன்னு சொல்றாங்க. உதவி வேணும்

ராசிபுரம் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு பழைய கார் வாங்கினோம். 2013 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், மீட்டர்ல 81,000 கிலோமீட்டர். அப்பாவுக்கு வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ், ராசிபுரத்துல இருந்து சேலம் போகணும். பஸ்ல அவரால முடியல. அதுக்காகவே கடன் வாங்கி எடுத்த வண்டி.

ஆண்டகளூர் கேட் தாண்டி நாலு வழிச்சாலையில 80-ல போறப்ப சூட்டு முள் பாதியிலேயே நிக்குது. கொண்டலாம்பட்டி தாண்டி ஊருக்குள்ள சிக்னல்ல நின்னா முதல்ல ஏசி காத்து வெதுவெதுன்னு ஆகுது, அப்புறம் முள் மெல்ல ஏறுது. வண்டி நகர்ந்தா இறங்கிடுது. போன செவ்வாய்க்கிழமை இறங்கவே இல்ல, சிவப்புக் கோட்டைத் தொட்டுடுச்சு. ஓரங்கட்டி, அப்பாவை டீக்கடை பெஞ்சுல உட்கார வச்சுட்டு, கடைசில ஆட்டோ பிடிச்சுப் போனோம்.

பக்கத்துல ஒரு பட்டறையில காட்டினேன். பானட்டைத் திறந்து பார்த்துட்டு, "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு, இன்ஜினைப் பிரிக்கணும், 38,000 ஆகும்"னு சொல்லிட்டாங்க. அவ்வளவு இப்ப கையில இல்ல. வேற ஏதாவது பார்க்கணுமா?

இன்னொண்ணு. முள் ஏறினதும் சில நேரம் முன்னாடி இருந்து "ஊ"ன்னு பெரிய சத்தம் வந்து ஒரு நிமிஷத்துல நின்னுடுது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு தெரியல.

கோவை பயணி:

மேடம், எனக்கும் இதே மாதிரி ஆச்சு. தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டுங்க, அப்புறம் சூடே ஆகாது. 100 ரூபாய் வேலை.

பட்டறை அண்ணன்:

தங்கச்சி, 27 வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். பிரிக்கக் கொடுத்துடாதீங்க. கடைசியா எழுதின அந்த "ஊ" சத்தம்தான் முக்கியமான துப்பு.

வண்டி ஓடறப்ப எதிர்க்காத்தே ரேடியேட்டரை ஆத்திடும். நின்னா அந்த வேலையை ஃபேன்தான் செய்யணும். ஓடினா சரி, நின்னா சூடுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது ஃபேன். ஏசி சேர்ந்து கெடுறதும் அதனாலதான். ரேடியேட்டருக்கு முன்னாடி, ஏசியோட சூட்டை வெளியே தள்ற கண்டன்சர் இருக்கு, ரெண்டுக்கும் ஒரே காத்து.

ஹெட் கேஸ்கட்னா இன்ஜினோட தலைக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கற அடைப்புத் தகடு. அது போன வண்டி பெரும்பாலும் இப்படி ஆள் பார்த்து சூடாகாது. மேட்டுல ஏறினாலும், வேகமா போனாலும் சூடாகும். இன்ஜினை ஆத்தற கூலன்ட் குறைஞ்சுகிட்டே வரும், சைலன்சர்ல விடாம வெள்ளைப் புகை வரும், ஆயில் அளவு பார்க்கற கம்பியில, அதாவது டிப்ஸ்டிக்ல, ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருக்கும். இதுல எதையாவது காட்டினாங்களா? சந்தேகமே வேண்டாம்னா ஒரு நீல மருந்து இருக்கு. ரேடியேட்டர் வாய்ல வர்ற காத்தை அதுக்குள்ள இழுத்துப் பார்ப்போம். பெட்ரோல் இன்ஜின்ல கேஸ்கட் வழியா புகை வந்தா நீலம் மஞ்சளாயிடும். அதுகூடப் பார்க்காம 38,000 சொல்றது நியாயமில்ல.

நாளைக்குக் காலையில இன்ஜின் ஆறி இருக்கறப்ப இதைச் செய்யுங்க. முதல்ல ரிசர்வ் டப்பாவுல கூலன்ட் அளவு, நிறம் ரெண்டையும் பாருங்க. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, ஏசியை முழுசா போட்டு, பானட்டைத் திறந்து ஃபேனைக் கவனிங்க. உங்க மாதிரி வண்டியில கொஞ்ச நேரத்துலயே சுத்த ஆரம்பிக்கணும். துப்பட்டா, கை எதையும் கிட்ட கொண்டுபோகாதீங்க, அது சொல்லிக்காம ஓடும்.

சூடா இருக்கறப்ப ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி போட்டிருக்கற வரைக்கும் உள்ள அழுத்தம் இருக்கும். வெளிக்காத்தை விட 1 பார் கூடுதல் அழுத்தத்துல தண்ணியே 120 டிகிரியிலதான் கொதிக்கும். மூடியைத் திருகின அந்த நொடியில அழுத்தம் போய், எல்லாம் கொதிச்சு முகத்துல அடிக்கும். என் கடைப் பையன் ஒருத்தனுக்கு கை வெந்து ரெண்டு மாசம் கட்டோட இருந்தான்.

கோவைத் தம்பி சொன்னதைச் செய்ய வேண்டாம். இன்ஜின் சூடாகற வரைக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாம தடுக்கற வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இல்லன்னா இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது. கம்ப்யூட்டர் இன்னும் குளிர்லதான் இருக்குன்னு நெனச்சு பெட்ரோலை அதிகமா ஊத்தும், மைலேஜ் போயிடும். இதுல ஃபேன் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

ராசிபுரம் டீச்சர்:

அண்ணா, ரொம்ப நன்றி. காலையில ஆறு மணிக்கே பார்த்தேன்.

டப்பாவுல அளவு கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் கீழ. பச்சையோ சிவப்போ இல்ல, செம்மண் கரைச்ச தண்ணி மாதிரி இருக்கு. ஒரு குச்சியில துணி சுத்தி உள்ள விட்டு எடுத்தேன், துரு ஒட்டிக்கிட்டு வந்துச்சு. டிப்ஸ்டிக் ஆயில் கருப்பா இருக்கு, பால் மாதிரி இல்ல.

ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டேன். ஃபேன் அசையவே இல்ல. பத்து நிமிஷம் அப்படியே நின்னு பார்த்தேன். இலை ஒண்ணு ஃபேன் இறக்கையில மாட்டி இருந்துச்சு, அதுகூட ஆடல. முள் பாதியைத் தாண்டி ஏறினதுக்கு அப்புறம் ஒரே அடியா "ஊ"ன்னு சுத்திச்சு, இலை பறந்துடுச்சு. முள் இறங்கினதும் நின்னுடுச்சு.

விற்றவர்கிட்ட போன் பண்ணிக் கேட்டேன். கூலன்ட் எதுவும் ஊத்தினதில்லை, வீட்டு போர் தண்ணிதான்னு சொன்னார்.

பட்டறை அண்ணன்:

அருமையாப் பார்த்திருக்கீங்க. ஃபேன் மோட்டார் நல்லா இருக்கு, இல்லன்னா அந்த வேகமே வராது. இந்த மாதிரி வண்டிகள்ல ஃபேனுக்கு ரெண்டு வேகம். மெதுவான வேகத்துக்குக் கரன்ட் அதைக் குறைக்கற ஒரு ரெசிஸ்டர் வழியா போகும். அது எரிஞ்சா முதல் வேகம் செத்துடும், சூடு எல்லை தாண்டினா மட்டும் ரெண்டாவது வேகம் நேரா வரும். நீங்க பார்த்தது அதுதான். ஃபேன் கூட்டுலயே சின்னதா திருகி இருக்கும். மாத்தறதுக்கு முன்னாடி ஃபேன் ஃப்யூஸையும் ரிலேயையும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனை மீட்டர் வச்சுப் பார்க்கச் சொல்லுங்க.

ரெண்டாவது, அந்த போர் தண்ணி. உப்புத் தண்ணி ரேடியேட்டர் குழாய்க்குள்ள, நம்ம வீட்டு ஹீட்டர் கம்பியில படியற மாதிரியே வெள்ளையா படிஞ்சிடும். அதனாலதான் செவ்வாய்க்கிழமை பெரிய வேகத்துல சுத்தியும் முள் இறங்கல. பழசை முழுசா வடிச்சு, தெளிவா வர்ற வரைக்கும் ஃப்ளஷ் பண்ணி, கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி ஊத்துங்க. ஊத்தினதும் உள்ள மாட்டின ஏரை வெளியே எடுக்கணும், விட்டுட்டா மறுபடி சூடாகும். பழைய ரேடியேட்டர் மூடியையும் மாத்திடுங்க.

வேலை முடியற வரைக்கும் வழியில முள் ஏறினா ஏசியை நிறுத்திட்டு ஹீட்டரை முழுசா போடுங்க. அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அப்பாவுக்குக் கஷ்டமா இருக்கும், கண்ணாடியை இறக்கி விடுங்க. சிவப்பைத் தொட்டா உடனே ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க, ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீங்க. அப்படி ஓட்டினாதான் நிஜமாவே ஹெட் கேஸ்கட் போகும்.

ஈரோடு ஆர்.சி.:

டீச்சர், வண்டி வேலையோட இதையும் பார்த்துடுங்க. ஆர்.சி. உங்க பேருக்கு மாறிடுச்சா? ஃபாரம் 29, 30 போட்டாதான் ஆகும். முன்னாடி லோன் இருந்திருந்தா ஃபாரம் 35-ம் வேணும். இன்சூரன்ஸை உங்க பேருக்கு மாத்தச் சொல்லி 14 நாளுக்குள்ள எழுதிக் கொடுத்திருக்கணும். கொடுக்கலன்னா இன்னைக்கே பேசுங்க. பழைய ஓனர் கிளைம் பண்ணாததுக்குக் கிடைச்ச தள்ளுபடி, அதாவது நோ கிளைம் போனஸ், உங்களுக்கு வராது.

டயர் பக்கவாட்டுல முட்டை வடிவக் கட்டத்துல நாலு எண் இருக்கும். 2316-னா 2016-ல 23-ஆவது வாரம் செஞ்சது. மேல இருக்கற பட்டன் தேயாம நல்லா தெரிஞ்சாலும் அவ்வளவு பழைய டயரோட நாலு வழிச்சாலையில அப்பாவைக் கூட்டிட்டுப் போகாதீங்க.

ராசிபுரம் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை வேற பட்டறையில கொடுத்தேன், பக்கத்துலயே நின்னேன். ரெசிஸ்டர் கம்பி நடுவுல அறுந்து கருகி இருந்துச்சு. ஃப்ளஷ் பண்றப்ப நாலாவது தடவைதான் தண்ணி தெளிஞ்சுது. நீல மருந்து டெஸ்டும் கேட்டு வாங்கினேன், நீலமாவே இருந்துச்சு. எல்லாம் சேர்த்து 4,650.

டயர்ல 0815 போட்டிருக்கு. அடுத்த சம்பளத்துல முன்னாடி ரெண்டும், அதுக்கடுத்த மாசம் பின்னாடி ரெண்டும் மாத்தறேன். ஆர்.சி. மாறிடுச்சு. இன்சூரன்ஸ் மாறல, இன்னைக்குப் பேசினேன், பேப்பர் அனுப்பச் சொல்லியிருக்காங்க.

இன்னைக்குச் செவ்வாய். ஐந்து ரோட்டுல அதே சிக்னல், பகல் ஒரு மணி. முள் பாதியிலேயே நின்னுச்சு. அப்பா தூங்கிட்டே வந்தார்.

பட்டறை அண்ணன்:

ரொம்ப சந்தோஷம்மா. முதல் ரெண்டு வாரம் தினம் காலையில டப்பா அளவைப் பாருங்க. துரு போன இடத்துல சில நேரம் கசிவு தெரிய ஆரம்பிக்கும். குறைஞ்சா இங்கேயே எழுதுங்க.