நாலு பேர் ஒரே கேட்டில் நின்றும் ஏன் கூட்டம் நிற்க மாட்டேன் என்கிறது?

மாரிட்ஸ்பர்க்_சக்கரம்:
போன சனிக்கிழமை இங்கே தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் எங்கள் சைக்கிள் கிளப்பில் நாலு பேர் ஒன்றாக இறங்கும் நாக் அவுட் பந்தயம் நடந்தது. மலை சைக்கிள்தான், மேலே கேட், நாலு பேர் வரிசையாக நிற்பார்கள், கேட் விழுந்ததும் ஜம்ப், வளைவு, ஜம்ப் என்று ஒரு நிமிடத்துக்குள் கீழே வந்து சேர்வார்கள், முதல் இரண்டு பேர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சைக்கிளைப் பற்றி ஒன்றுமே தெரியாத இரண்டு பேரை ஆபீசிலிருந்து கூட்டிப் போயிருந்தேன். கேட் விழுந்த அந்தச் சத்தத்தில் முதல் சுற்றுக்கு ரெண்டு பேரும் எழுந்தே நின்றுவிட்டார்கள். மூன்றாவது சுற்று முடிந்ததும் பக்கத்து மாலுக்குச் சாப்பிடப் போனவர்கள் திரும்பி வரவில்லை. திங்கட்கிழமை கேட்டேன். "முதல் வளைவில் யார் முன்னால் போகிறாரோ அவர்தான் ஜெயிக்கிறார், அதுக்கப்புறம் என்னத்தைப் பார்ப்பது?" என்றார்கள்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. ராத்திரி உட்கார்ந்து போனில் எடுத்த வீடியோவை எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். அவர்கள் சொன்னது சரி.

காரணம் சிக்கலானது இல்லை. தகுதிச் சுற்றில் வேகமாக வந்தவருக்குக் கேட்டில் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அவர் உள்பக்கத்தை எடுத்துக்கொள்வார். நம் டிராக்கில் முதல் வளைவு இடப்பக்கம் திரும்பும், குறுகலானது, உள்ளே இருப்பவர் மற்றவர்களுக்கு வழியை அடைத்துவிடுவார். அதற்குக் கீழே நல்ல தடம் ஒன்றே ஒன்றுதான். பின்னால் வருபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் முன்னால் போகிறவர் தவறு செய்தால்தான் உண்டு.

ஃபோர் கிராஸ் என்கிற இந்த நாலு பேர் பந்தயம் 2002ல் உலகக் கோப்பைக்குள் வந்து 2011க்குப் பிறகு போயே போய்விட்டது. நம்ம கேஸ்கேட்ஸ் பூங்காவிலேயே 2009லும் 2011லும் உலகக் கோப்பை நடந்தபோது இந்தப் பந்தயத்தை வேலியில் சாய்ந்து பார்த்தவன் நான். திரும்ப அதுபோல ஒரு கூட்டம் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். என் யோசனை: முதல் வளைவை அகலமாக்கி இரண்டு தடம் வெட்டுவோம். உள்தடம் குட்டை, ஆனால் பிரேக் பிடித்தாக வேண்டும். வெளித்தடம் நீளம், ஆனால் சாய்ந்த மண்மேட்டில் வேகம் குறையாமல் சுற்றி வரலாம். கேட் இடத்தைச் சீட்டுக் குலுக்கிக் கொடுப்போம். என்ன சொல்கிறீர்கள்?

பழைய பெடல்:
தம்பி, உங்கள் ஆர்வம் புரிகிறது, ஆனாலும் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். தகுதிச் சுற்றில் உயிரைக் கொடுத்து ஓட்டி முதலில் வந்தவனுக்குச் சீட்டு குலுக்கி வெளி இடம் கொடுத்தால் அவன் எதற்காக அவ்வளவு பாடுபட்டான்? அப்புறம் இரண்டு தடம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். இரண்டும் ஒரு இடத்தில் சேர்ந்துதானே ஆகவேண்டும்? உள்ளிருந்து ஒருவன் மெதுவாக வெளியே வருவான், வெளியிலிருந்து ஒருவன் முழு வேகத்தில் உள்ளே வருவான். அந்தச் சந்திப்பில் என்ன நடக்கும் என்று என் காறை எலும்பில் இருக்கும் தகட்டைக் கேளுங்கள். வெயில் காலத்தில்கூட அது இருக்கும் இடம் குளிர்ச்சியாகத் தெரியும்.

இன்னொன்று. இந்த ஊர் பார்த்ததிலேயே பெரிய கூச்சல் எது? 2013 மலை சைக்கிள் உலக சாம்பியன்ஷிப்பில் கிரெக் மின்னார் கீழே வந்து சேர்ந்தபோது எழுந்ததுதான். டயரில் காற்றுப் போன நிலையில் வந்தார், அரை நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார், சொந்த ஊரில். அது டவுன்ஹில். ஆளுக்கு ஆள் தனித்தனியாக இறங்குவது. பக்கத்தில் போட்டிக்கு ஒரு ஆள்கூட இல்லை. அன்றைக்கு யாராவது மாலுக்குப் போனார்களா?

நார்த்டேல் அக்கா:
நான் நாலைந்து வருடமாகப் பந்தயத் தடத்தோரம் கொடி பிடித்து நிற்கிறவள். நீங்கள் இரண்டு பேரும் டிராக்கையே பார்க்கிறீர்கள், வேலிக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை.

முதல் விஷயம், காத்திருப்பு. ஓட்டம் ஒரு நிமிடம்கூட இல்லை. அடுத்த ஓட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? போன தடவை என் சின்ன மகன் ஒரு சமோசா பொட்டலத்தையே முடித்துவிட்டான், அதுவரை மேலே கேட்டில் யாரும் ஏறவில்லை. மைக்கும் அமைதி. ஏன் நிற்கிறது, யார் வரப்போகிறார்கள், ஒன்றும் சொல்வதில்லை.

இரண்டாவது, யார் யார் என்றே தெரியவில்லை. முகத்தை மூடிய ஹெல்மெட், எல்லாரும் கறுப்புச் சட்டை, கைப்பிடியில் கட்டிய எண் அட்டையில் இரண்டாவது ஓட்டத்துக்கே மண் அப்பிவிடுகிறது. வேலியோரம் பத்தடி தூரத்தில் நிற்கிற எனக்கே தெரியாது, மேட்டில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு எப்படித் தெரியும்? டர்பன் கடற்கரையில் அலைச்சறுக்குப் போட்டி பார்த்திருப்பீர்கள். அலை எங்கேயோ தூரத்தில், ஆள் எறும்பு மாதிரி. ஆனாலும் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ஆளுக்கு ஒரு நிறத்தில் மேல்சட்டை போட்டிருப்பார்கள். "சிவப்பு எழுந்துட்டான்!" என்று மணலில் இருக்கிற குழந்தைகூடச் சொல்லும். கேட்டில் முதல் இடம் சிவப்பு, இரண்டாவது நீலம் என்று வைத்துவிட்டால் பெரிதாகப் பணம் செலவாகாது.

காரைக்குடி டு டர்பன்:
அக்கா சொல்வதுதான் எனக்கும் படுகிறது. வேலைக்காக டர்பன் வந்து மூன்று வருடம் ஆகிறது, சைக்கிள் பந்தயத்துக்குப் புதியவன். எங்கள் ஊர்ப்பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் உண்டு. பெரிய மாடு, சின்ன மாடு என்று பிரித்து ரோட்டில் விடுவார்கள். ரோட்டோரம் நிற்கிறவன் கண்ணுக்கு ஒரு வண்டி தெரிவது சில நொடிதான். ஆனாலும் விடியற்காலையிலேயே வந்து இடம்பிடித்து நிற்பார்கள். ஏன்? அந்த மாடு யாருடையது, போன வருடம் எந்த ஊரில் ஜெயித்தது, ஓட்டுகிற சாரதி யார், எல்லாம் டீக்கடையிலேயே பேசி முடித்திருப்பார்கள். மாட்டையும் ஊரையும் சொல்லி மைக்கில் ஒருத்தர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருப்பார். உங்கள் பந்தயத்துக்கு ஒரு தடவை வந்தேன். "ஹீட் ஏழு", அதாவது ஏழாவது ஓட்டம், என்று மட்டும் சொன்னார்கள். ஏழாவது ஹீட்டில் இருப்பவன் என் பக்கத்துத் தெருக்காரன் என்று வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

பழைய பெடல்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். காம்ரேட்ஸ் மாரத்தானைப் பாருங்கள். இங்கிருந்து டர்பனுக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர், ஒரு வருடம் இறக்கம், ஒரு வருடம் ஏற்றம். முதலில் வந்தவர் குளித்து, சாப்பிட்டு, தூங்கியும் எழுந்திருப்பார், கூட்டம் மட்டும் கலைந்திருக்காது. 12 மணி நேரம் முடியும்போது ஓட்டக்காரர்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஒருவர் துப்பாக்கியால் சுடுவார். அதற்கு ஒரு நொடி பிந்திக் கோட்டைத் தொட்டாலும் கணக்கில் இல்லை. அந்தக் கடைசி நிமிடத்தில் யார் யாரோடும் மோதுவதில்லை, கடிகாரத்தோடு மட்டும்தான். என் மனைவி விளையாட்டே பார்க்காதவள், அதைப் பார்த்து வருடா வருடம் அழுவாள். டிராக்கைக் கெடுக்காதீர்கள், ஆட்களைத் தெரியப்படுத்துங்கள்.

பிஎம்எக்ஸ் அப்பா:
டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன், என் பெண் பிஎம்எக்ஸ் ஓட்டுகிறாள், சின்னச் சக்கர சைக்கிளில் மேடு பள்ளத் தடத்தில் ஓடும் பந்தயம். பிஎம்எக்ஸில் நாலு இல்லை, எட்டுப் பேர். அங்கேயும் முதல் நேர்தடத்தில் முன்னால் போனவர் பெரும்பாலும் ஜெயிப்பார். ஆனால் ஒரு ஓட்டத்தில் தோற்றால் வீட்டுக்குப் போ என்பதில்லை. முதல் கட்டத்தில் மூன்று ஓட்டம், புள்ளிகளைக் கூட்டுவார்கள். முதல் ஓட்டத்தில் விழுந்தவள் மூன்றாவதில் எழுந்து வருவாளா என்று பார்ப்பதிலேயே பாதி நாள் நகர்ந்துவிடும். உங்கள் பந்தயத்தில் என் அண்ணன் மகன் கேட்டில் பெடல் வழுக்கி அரை நிமிடத்தில் வெளியே. அவனைப் பார்க்க வந்த நாங்கள் ஆறு பேரும் அப்போதே கிளம்பிவிட்டோம். நாக் அவுட் என்றால் ஆளோடு சேர்த்து அவன் வீட்டையும் வெளியே அனுப்புகிறீர்கள்.

2010ல் பிஎம்எக்ஸ் உலக சாம்பியன்ஷிப் மாரிட்ஸ்பர்க்கில்தான் நடந்தது, ஞாபகம் இருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்தே முழு டிராக்கும் தெரியும். அதுவும் ஒரு காரணம்.

மாரிட்ஸ்பர்க்_சக்கரம்:
அக்கா, நிறச் சட்டை விஷயத்தில் மறுபேச்சே இல்லை, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று இருக்கிறது. மூன்று ஓட்டப் புள்ளிமுறையும் நல்லது. பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் இரண்டு பேர் இறங்கும் இரட்டை ஸ்லாலத்தில்கூட இரண்டு பேரும் தடத்தை மாற்றிக்கொண்டு இரண்டாவது முறை ஓட்டுவார்கள், முதல் ஓட்டத்து வித்தியாசத்துக்கு ஒரு உச்ச வரம்பு உண்டு, விழுந்தவனுக்கும் இன்னொரு வாய்ப்பு இருக்கும்.

ஆனால் பெடல் அண்ணே, மின்னார் கதை எனக்கு எதிராக இல்லை. டவுன்ஹில்லில் முன்னணியில் இருப்பவர் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், இறங்குகிறவர் எத்தனை நொடி முன்னால், எத்தனை நொடி பின்னால் என்று திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணை எடுத்துவிடுங்கள், ஒரு ஆள் சைக்கிளில் கீழே வருகிறார், அவ்வளவுதான். நம்மிடம் திரையும் இல்லை, நடுவழி நேரக் கருவியும் இல்லை. நம்மைப் போன்ற சின்ன கிளப்புக்கு, கருவி எதுவும் இல்லாமல் வெறும் கண்ணால் யார் முன்னால் என்று தெரிகிற பந்தயம் இது ஒன்றுதான். கிடைத்திருக்கும் அந்த ஒன்றை முதல் வளைவிலேயே முடித்துவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் மலை சைக்கிள் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஆலன் ஹேதர்லி வெண்கலம் வாங்கிய அதே பந்தயம். தங்கம் வென்ற பிரிட்டனின் டாம் பிட்காக் டயர் போய்ப் பின்தங்கி, துரத்தி வந்து, கடைசிச் சுற்றில் ஒரு மரத்துக்கு பிரான்ஸின் கோரெட்ஸ்கி ஒரு பக்கம், இவர் மறுபக்கம் என்று புகுந்து முந்தினார். ஒரே தடமாக இருந்திருந்தால் அந்த நொடி வந்திருக்குமா? வேண்டுமானால் ராலிகிராஸ் கார் பந்தயத்தில் இருப்பதுபோல நீளமான ஒரு மாற்றுத்தடத்தை ஒவ்வொருவரும் கட்டாயம் ஒரு தடவை எடுக்க வேண்டும் என்றுகூட வைக்கலாம்.

பழைய பெடல்:
ராலிகிராஸில் பல சுற்று ஓடுகிறது, யார் எந்தச் சுற்றில் மாற்றுத்தடம் எடுக்கிறார் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. உங்களுடையது ஒரே இறக்கம். அதில் மாற்றுத்தடம் வைத்தால் வெறும் தண்டனைதான்.

பாரிஸ் மரம் நல்ல உதாரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நொடிக்கு முன்னால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் இருந்தது. அவன் பஞ்சர் ஆனதைப் பார்த்தோம், இடைவெளி குறைவதைப் பார்த்தோம். அதனால்தான் அந்த மரம் நம் மனதில் நிற்கிறது. இரண்டு தடம் சேரும் இடத்தில் மோதல் வராது என்று யாராவது எனக்குக் காட்டட்டும், அப்புறம் பேசலாம். பார்க்க வருகிறவனுக்காக ஓட்டுகிறவன் எலும்பை உடைக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் நான் கை தூக்க மாட்டேன்.

நார்த்டேல் அக்கா:
அண்ணன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. போன வருடம் அந்த வளைவில் விழுந்த பையனைத் தூக்கியதே நான்தான், வலியில் என் கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை. ஆனால் அவன் விழுந்தது இரண்டு தடம் இருந்ததால் இல்லை. ஒரே தடத்துக்கு நாலு பேரும் அடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்ததால்.

பிஎம்எக்ஸ் அப்பா:
அது உண்மை. வளைவு அகலமாக இருந்தால் கூட்டம் பிரியும். ஆனால் இரண்டு தடமும் சேர்கிற இடம் வளைவை ஒட்டி இருக்கக்கூடாது, நேராக ஒரு இருபது மீட்டராவது பக்கம் பக்கமாக ஓட இடம் விடவேண்டும், நடுவில் வெள்ளைக்கோடு, கோட்டைத் தாண்டினால் வெளியே. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே சேர்வார்கள்.

பழைய பெடல்:
இருபது மீட்டர் நேர்தடம் இருந்தால் யோசிக்கலாம். நம் சரிவில் அவ்வளவு இடம் இருக்கிறதா? இரண்டாவது ஜம்பை எடுத்துவிட்டால் கிடைக்கும் என்று நினைக்கிறேன். சீட்டுக் குலுக்கலுக்கு மட்டும் கடைசிவரை சம்மதிக்க மாட்டேன், வேகமாக வந்தவனே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு தடமும் சரிசமமாக அமைந்தால் எந்தப் பக்கம் நிற்பது என்று அவனும் தலையைச் சொறிவான்.

மாரிட்ஸ்பர்க்_சக்கரம்:
குலுக்கலை விட்டுவிடுகிறேன் அண்ணே. அடுத்த ஞாயிறு பயிற்சியில் பார்த்துவிடலாமா? பந்தயம் வேண்டாம், முதலில் இரண்டு பேர், அப்புறம் நாலு பேர், பாதி வேகத்தில். சேர்கிற இடத்தில் நீங்களே கொடியோடு நில்லுங்கள், நீங்கள் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுவோம்.

பழைய பெடல்:
வருகிறேன். மண்வெட்டியும் கொண்டு வருகிறேன், அந்த இரண்டாவது ஜம்பை உங்களை நம்பி விட முடியாது.

நார்த்டேல் அக்கா:
மகள் பள்ளியில் பழைய நெட்பால் மேல்பட்டைகள் நாலு நிறத்தில் கிடக்கின்றன, கேட்டு வாங்கி வருகிறேன். காரைக்குடித் தம்பி, மைக் உங்களுடையது. ஓட்டுகிறவர்கள் பெயர், தெரு, போன தடவை என்ன ஆனது, எல்லாம் சனிக்கிழமைக்குள் எழுதித் தருகிறேன்.

காரைக்குடி டு டர்பன்:
தொண்டை தயார் அக்கா. தமிழிலும் கத்தலாமா?

நார்த்டேல் அக்கா:
கத்துங்கள், என் அம்மா வருகிறார், அவருக்காகவாவது கத்துங்கள்.

மாரிட்ஸ்பர்க்_சக்கரம்:
காலை 7 மணி, மேல் கேட்டில். மழை பெய்து நாளாகிறது, அந்த வளைவில் பின்னால் வருகிறவன் கண்ணைப் புழுதி மறைக்கிறது. நமக்குத் தண்ணீர் லாரி கிடையாது, ஆளுக்கு இரண்டு கேன் நிரப்பிக்கொண்டு வாருங்கள்.