டென்னிஸில் வேகமாக வரும் பந்துக்கு ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னோக்கி இருக்க அடிக்கும் அடி) பிந்துகிறது, வழி சொல்லுங்கள்

நாகர்கோவில் பக்கம் டென்னிஸ் ஆடும் அண்ணன்மார், அக்காமார் உதவ வேண்டும். நான் காலையில் பொழுதுபோக்காக ஆடுகிறவன். செமி வெஸ்டர்ன் பிடியில் (உள்ளங்கை கைப்பிடிக்குச் சற்றுக் கீழ்ப்புறமாக இருக்கும் பிடி) மெதுவான பந்தை நல்ல டாப்ஸ்பின்னோடு (பந்து முன்னோக்கிச் சுழலும்படி) அடிக்கிறேன். வேகமாக வந்தால் மட்டும் மட்டை பிந்திவிடுகிறது. முன்னால் படவேண்டிய பந்து இடுப்புக்கு நேராக வந்த பிறகுதான் படுகிறது. வலை நடுவில் 91.4 செ.மீ. தான், அதையே தாண்ட மாட்டேன் என்கிறது. தோளைச் சீக்கிரம் திருப்பத்தான் பார்க்கிறேன். சரி, இடது கையை மட்டையின் கழுத்திலிருந்து எப்போது எடுக்க வேண்டும்?

அப்புறம், ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்று பந்தை இழுத்துப் போகுமே, அப்போது பின்வீச்சை, அதாவது அடிக்கும் முன் மட்டையைப் பின்னால் கொண்டுபோவதை, குறைத்தால் போதுமா? சுவரில் தனியாக அடித்துப் பழக ஏதாவது பயிற்சி இருந்தாலும் எழுதுங்கள். தக்கலை, மார்த்தாண்டம் என்றாலும் நேரில் வந்து கற்றுக்கொள்ள ஆசை.