புதுப்பிப்பு: நூல் வெளியான பிறகே ஊதியம் என்ற ஒப்பந்தம்

மேசையைச் சுற்றி அமர்ந்து கதாபாத்திரங்களாக நடித்து ஆடும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டுகளுக்கு, ஒரு சொல்லுக்கு இவ்வளவு ஊதியம் என்ற கணக்கில் எழுதும் எனக்கு, நூல் வெளியான பிறகே ஊதியம் என்ற ஒப்பந்தத்தால் மாதக்கணக்கில் பணம் வராததைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

மூன்றாவது நினைவூட்டலுக்குப் பிறகு பழைய பாக்கி வந்துவிட்டது. ஆனால் உண்மையில் கைகொடுத்தது, கைப்பிரதியை ஏற்ற நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ஊதியம் என்று எழுதி வாங்கச் சொன்ன யோசனைதான். அடுத்த பதிப்பகம் அதற்கு மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டது.

எதிர்பாராதது ஒன்று நடந்தது. அவர்கள் 6,000 சொற்கள் கேட்ட சாகசக் கதையில், பாழடைந்த கோபுரத்தின் நிலவறைப் பகுதி முழுவதையும் பதிப்பாசிரியர் நீக்கியதால் 4,800 சொற்களே மிஞ்சின. ஒப்பந்தத்தில் 'அச்சாகும் சொற்கள்' என்றிருந்ததால் ஊதியமும் அந்த அளவுக்குக் குறைந்தது. 'கேட்கப்பட்ட சொற்கள்' என்று திருத்தாமல் கையெழுத்திடாதீர்கள். எழுத்தின் உரிமை முழுவதும் பதிப்பகத்துக்கே என்பதால், நீக்கிய பகுதியை நான் வேறிடத்தில் பயன்படுத்தவும் முடியாது.

சொந்தமாக வெளியிடும் யோசனையையும் ஏற்றுக்கொண்டேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் விளையாட்டுக்கான படைப்புகளை விற்கும் இணையதளமான டிஎம்ஸ் கில்டில் வெளியிட்டதை வேறெங்கும் விற்க இயலாது என்பதால், 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம்) வந்த அந்த விளையாட்டின் 5.1 விதித்தொகுப்பைக் கொண்டு புதிய சாகசம் ஒன்றை எழுதி வருகிறேன்.