பிரவுசர் டெஸ்ட் ஓடும் முன் லிண்ட் கட்டாயமா?

நெய்தல்:
எங்கள் ப்ராஜெக்டில் ப்ளேரைட்டில் (பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவி) எழுதிய எண்ட்-டு-எண்ட் டெஸ்டுகள், அதாவது பயனர் போலவே தளத்தை முழுதாக ஓட்டிப் பார்க்கும் டெஸ்டுகள், நிறைய சேர்ந்துவிட்டன. இனிமேல் அவை ஓடும் முன் இஎஸ்லிண்ட் (கோடை ஓட்டாமலே படித்துப் பிழை சொல்லும் லிண்ட் கருவி) ஓடட்டும், அதில் எரர் வந்தால் பிரவுசரே திறக்க வேண்டாம் என்று பேக்கேஜ்.ஜேசனில் 'ப்ரீடெஸ்ட்:இ2இ' என்று ஒரு ஸ்கிரிப்ட் சேர்த்தேன். என்பிஎம்மில் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களையும் ஸ்கிரிப்டுகளையும் நிர்வகிக்கும் கருவி) ஒரு ஸ்கிரிப்டின் பெயருக்கு முன்னால் 'ப்ரீ' சேர்த்து இன்னொன்றை எழுதி வைத்தால் அது தானாகவே முதலில் ஓடும், அது தோற்றால் அடுத்தது ஓடாது. அவ்வளவுதான் செய்தேன், டீமில் பாதிப் பேர் எதிர்க்கிறார்கள்.

என் வாதம் இதுதான். லிண்ட் சில விநாடிகளில் முடிந்துவிடும், எங்கள் பிரவுசர் டெஸ்டுகளுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் காத்திருந்து சிவப்பு விழுந்தபின் திறந்து பார்த்தால், இல்லாத ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டிருப்போம். உடனே சொல்லிவிடக்கூடிய ஒன்றைத் தெரிந்துகொள்ள எதற்கு சர்வரை எழுப்பி, டேட்டாபேஸை நிரப்பி, பிரவுசரைத் திறக்க வேண்டும்? உங்கள் இடத்தில் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

தச்சன்:
நான் எதிர்க்கும் பாதியில் ஒருவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். லோக்கலில் ஒரு டெஸ்டை எழுதும்போது லொகேட்டர் சரியான பொத்தானைப் பிடிக்கிறதா என்று பார்க்க எத்தனையோ தடவை ஓட்டுவோம். நடுவில் கன்சோல்.லாக் போடுவோம், பாதிக் கோடை கமெண்டில் தள்ளுவோம், அதனால் மேலே இம்போர்ட் செய்த ஒன்று பயன்படாமல் நிற்கும். அந்த நேரத்தில் கோட் அழகாக இருக்காது, இருக்கவும் வேண்டாம். பிழையைத் தேடத்தான் கன்சோல்.லாக் போட்டேன், அதைப் போட்டதற்காகவே டெஸ்டை ஓட விடமாட்டேன் என்று லிண்ட் தடுத்தால் நான் எப்படிப் பிழையைத் தேடுவது?

இன்னொன்று, உங்கள் 'ப்ரீ' ஸ்கிரிப்ட் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் காவலும் இல்லை. யாராவது நேரடியாக 'என்பிஎக்ஸ் ப்ளேரைட் டெஸ்ட்' என்று ஓட்டினால் அந்த 'ப்ரீ' ஸ்கிரிப்ட் ஓடவே ஓடாது. விஎஸ் கோட் எடிட்டரில் ப்ளேரைட் எக்ஸ்டென்ஷனின் பச்சை முக்கோணத்தை அழுத்தினாலும் அப்படித்தான். என்பிஎம்முக்கு மாற்றான யார்னில் 2-ஆம் வெர்ஷன் முதல் இந்த மாதிரி நாமாகப் பெயர் வைத்த 'ப்ரீ' ஸ்கிரிப்டுகளைத் தானாக ஓட்டும் வழக்கமே இல்லை. அதாவது ஒழுங்காக ஸ்கிரிப்ட் வழியே ஓட்டுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

கடலோடி:
நெய்தல், உங்கள் முடிவு சரி, ஆனால் சொன்ன காரணம் சரியில்லை. இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிடுவதைப் பிடிக்க வேண்டியது லிண்ட் இல்லை, டைப்ஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்டோடு டைப் சோதனையைச் சேர்த்த மொழி). ப்ளேரைட் நம் டைப்ஸ்கிரிப்ட் ஃபைல்களை அப்படியே ஜாவாஸ்கிரிப்டாக மாற்றி ஓட்டிவிடும், டைப் சரிபார்க்காது. அவர்கள் ஆவணத்திலேயே, டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரான 'டிஎஸ்சி'யை நோ-எமிட்டோடு (ஃபைல் எதுவும் எழுதாமல் சரிபார்க்க மட்டும்) தனியாக ஓட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை முதலில் சேருங்கள்.

லிண்ட் எதற்குத் தேவை என்றால், விடுபட்ட அவெயிட்டுக்கு, அதாவது ஒரு வேலை முடியும் வரை காத்திரு என்று கோடில் சொல்லும் சொல்லுக்கு. என்னைப் பொறுத்தவரை இந்த ஒன்றுக்காகவே லிண்ட் முன்னால் நிற்க வேண்டும். ஒரு கடைத் தளத்தின் டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'பணம் செலுத்து' பொத்தானை அழுத்துகிறோம், அதன்பின் 'ஆர்டர் உறுதியானது' என்ற வாசகம் தெரிய வேண்டும் என்று கடைசி வரியில் ஒரு எக்ஸ்பெக்ட், டூ-பி-விசிபிள். வழக்கமாக அந்த வரி 5 விநாடி வரை திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் தோல்வி சொல்லும். அதன் முன்னால் அவெயிட் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அது 'முடிவு பிறகு வரும்' என்ற ஒரு ப்ராமிஸைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். கடைசி வரி என்பதால் டெஸ்டும் அங்கேயே முடிந்துவிடும், பெரும்பாலும் பச்சை விழும். வாசகம் திரையில் வந்ததா என்று யாருமே பார்க்கவில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் இப்படி ஒரு டெஸ்ட் வாரக்கணக்கில் பச்சையாகவே ஓடியது, அந்தப் பக்கமோ உடைந்து கிடந்தது.

க்ளிக்கின் முன்னால் அவெயிட் விடுபட்டால் இன்னும் மோசம். சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. ப்ளேரைட் புது ப்ராஜெக்டுக்கு உருவாக்கித் தரும் கான்ஃபிகில் சிஐயில் (கோடைப் புஷ் செய்ததும் சோதனைகளைத் தானாக ஓட்டும் அமைப்பு) 2 ரீட்ரை, அதாவது தோற்றால் மறுபடி இரண்டு தடவை வரை ஓட்டு, என்று இருக்கும். முதல் தடவை தோற்று, இரண்டாவது தடவை ஜெயித்து, அறிக்கையில் 'ஃப்ளேக்கி' என்று ஓரமாகக் கிடக்கும், யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். நெட்வொர்க் மந்தம், சர்வர் மந்தம் என்று எதையாவது சொல்லிக் கடந்துபோவோம். டெஸ்டை எத்தனை தடவை ஓட்டினாலும் இந்தப் பிழை தன்னைக் காட்டிக்கொள்ளாது, கோடைப் படித்தால்தான் தெரியும். லிண்ட் செய்வது அதைத்தான்.

தச்சன்:
அவெயிட் விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை, அது உண்மையான தொல்லை. ஆனால் அதைப் பிடிக்கும் விதி எது? டைப்ஸ்கிரிப்ட்-இஎஸ்லிண்டின் 'நோ-ஃப்ளோட்டிங்-ப்ராமிசஸ்'. அதற்கு டைப் தகவல் வேண்டும், ப்ராஜெக்டின் டைப்புகளை எல்லாம் படித்தபின்தான் அது வாயைத் திறக்கும். பெரிய ரெப்போவில் அது சில விநாடிகளில் முடிகிற வேலை இல்லை. ஒரே ஒரு டெஸ்டை ஓட்டிப் பார்க்க நினைக்கும் ஒவ்வொரு முறையும் அதற்காக நிற்க வேண்டுமா?

முந்தைய முடிவைச் சேமித்து வைக்கும் கேஷ் போட்டுக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இஎஸ்லிண்டின் கேஷ் ஃபைல் வாரியாக வேலை செய்கிறது. 'லாகின்' என்று ஒரு ஹெல்பர் ஃபங்ஷன் சாதாரணமாக இருந்தது, இன்று அதை அசிங்க் ஆக (ப்ராமிஸ் தருவதாக) மாற்றுகிறேன். அதைக் கூப்பிடும் முப்பது டெஸ்ட் ஃபைல்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆகவே அவற்றுக்குக் கேஷில் இருக்கும் பழைய 'பிழை இல்லை' என்ற பதிலே வரும். அத்தனை இடத்திலும் அவெயிட் இல்லை, லிண்ட் பச்சை. நீங்கள் எதைப் பிடிக்க வைத்தீர்களோ அதையே அது கோட்டைவிடும்.

லிண்ட் என்ற கருவி எப்படி வந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள். 1978-இல் பெல் லேப்ஸில் ஸ்டீஃபன் ஜான்சன் சி மொழிக்கு அதை எழுதியபோது, கம்பைலர் வேகமாக வேலை செய்யட்டும், கறாரான சோதனைகள் தனிக் கருவியில் இருக்கட்டும் என்று பிரித்துத்தான் வைத்தார். ஓட்டுவதும் குறை சொல்வதும் தனித்தனி வேலை. நாம் இரண்டையும் மறுபடி ஒன்றாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கடலோடி:
கேஷ் பற்றிச் சொன்னது நல்ல பாயிண்ட், டைப் பார்க்கும் விதிகளோடு கேஷ் சேர்க்கக் கூடாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் லோக்கலுக்கு வேறு வழி இருக்கிறது. இஎஸ்லிண்டுக்கான ப்ளேரைட் ப்ளக்-இன்னில் 'மிஸ்ஸிங்-ப்ளேரைட்-அவெயிட்' என்று ஒரு விதி உண்டு, அது டைப் கேட்பதில்லை, கோடின் வடிவத்தை மட்டும் பார்க்கும், வேகமானது. உங்கள் லாகின் ஹெல்பர் அதன் கண்ணில் படாது, உண்மைதான். எக்ஸ்பெக்ட் வரிகள் படும், பச்சைப் பொய் பிறப்பதே அந்த வரிகளில்தானே.

அகல்:
இடையில் ஒரு சந்தேகம் அண்ணா. நான் இப்போதுதான் டெஸ்டிங் பக்கம் வந்திருக்கிறேன். ஹஸ்கியும் லிண்ட்-ஸ்டேஜ்டும் (கமிட்டின்போது கருவிகளைத் தானாக ஓட்டுபவை) போட்டுக் கமிட் செய்யும்போதே லிண்ட் ஓடவிட்டால் இந்தப் பிரச்சினையே வராதே?

மருதம்:
போடலாம் தம்பி, நல்ல பழக்கம். ஆனால் 'நோ-வெரிஃபை' என்று ஒரு ஃபிளாக் சேர்த்தால் கமிட் ஹுக்கைத் தாண்டிவிடலாம், வெள்ளிக்கிழமை மாலையில் எல்லோரும் தாண்டுவார்கள். அதோடு லிண்ட்-ஸ்டேஜ்ட் மாறிய ஃபைல்களை மட்டும்தான் பார்க்கும், தச்சன் சொன்ன லாகின் ஹெல்பர் கதை அங்கேயும் அப்படியே பொருந்தும். தாண்ட முடியாத இடம் சிஐ மட்டும்தான்.

சிஐ பற்றி நானும் சொல்ல வேண்டும், என் வேலையே அதுதான். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (கிட்ஹப் தரும் சிஐ) ஜாப்கள் இயல்பாகவே ஒரே நேரத்தில் ஓடும். 'நீட்ஸ்' என்று எழுதினால்தான் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும். லிண்டும் பிரவுசர் டெஸ்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடட்டும், இரண்டில் எது தோற்றாலும் மெர்ஜ் ஆகாது, இதில் என்ன கெட்டுப்போனது என்று பலர் கேட்கிறார்கள். சின்ன ப்ராஜெக்டுக்கு அது சரி. எங்கள் இடத்தில் டெஸ்டுகளை எட்டாகப் பிரித்து எட்டு மெஷினில் ஓட்டுகிறோம். ஒவ்வொன்றும் பேக்கேஜ்களை இறக்கி, பிரவுசரை இறக்கி, அப்புறம்தான் முதல் டெஸ்டைத் தொடும். பிரைவேட் ரெப்போவுக்கு நிமிடக் கணக்கில் பணம், அதுவும் ஒவ்வொரு ஜாபின் மிச்ச விநாடிகளையும் முழு நிமிடமாக ஏற்றிக் கணக்கிடுவார்கள். ஓர் அவெயிட் விடுபட்ட கோடுக்காக எட்டு மெஷின் ஓடி முடிந்தபின், லிண்ட் சிவப்பு என்பதால் திருத்திப் புஷ் செய்து, மறுபடி எட்டு மெஷின். சோதனைக்கான ஸ்டேஜிங் சர்வரும் ஒன்றே ஒன்று என்றால் அடுத்தவர் வரிசையில் நிற்கிறார். லிண்டுக்கு முன்னுரிமை கொடுத்தால் நல்ல நாளில் ஒரு நிமிடம் தாமதம், கெட்ட நாளில் எல்லோருக்கும் மிச்சம்.

தச்சன்:
சிஐயில் முன்னால் வைப்பதை ஏற்கிறேன், எட்டு மெஷின் கணக்கு நியாயமானது. ஆனால் என்னென்ன விதிகள் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இடைவெளி, மேற்கோள் குறி, அரைப்புள்ளி இவற்றுக்காக எட்டு மெஷின் காத்திருக்கக் கூடாது. இஎஸ்லிண்டே 2023-இல் வடிவமைப்பு விதிகளைக் கைவிட்டு, அதை ஃபார்மேட்டரிடம் விடுங்கள் என்று சொல்லிவிட்டது. 'டெஸ்ட்.ஒன்லி' (அந்த ஒரு டெஸ்டை மட்டும் ஓட்டு என்ற குறி) விட்டுப்போவதற்கும் லிண்ட் வேண்டாம், ப்ளேரைட் கான்ஃபிகில் 'ஃபர்பிட்-ஒன்லி' இருக்கிறது, அது ஓட்டத்தையே தோல்வி ஆக்கிவிடும்.

மருதம்:
ஒப்புக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள், இயல்பாக இஎஸ்லிண்ட் வார்னிங் எத்தனை வந்தாலும் ஜாப் பச்சைதான், எரர் வந்தால்தான் சிவப்பு. குறிப்பிட்ட நேரம் சும்மா காத்திருக்கச் செய்யும் 'வெயிட்-ஃபார்-டைம்அவுட்'டைத் தடுக்கும் விதியை வார்னிங்கில் வைத்துவிட்டு மூன்று விநாடித் தூக்கம் கோடெங்கும் பரவிய டீம்களைப் பார்த்திருக்கிறேன். தடுக்க வேண்டும் என்றால் எரர் ஆக்குங்கள், இல்லாவிட்டால் விதியையே எடுத்துவிடுங்கள். வார்னிங்கை யாரும் படிப்பதில்லை.

நெய்தல்:
இப்போது தெளிவாகிறது. டெஸ்ட் ஃபோல்டருக்கு மட்டும் தனியாக விதிகள், எல்லாமே எரர்: நோ-ஃப்ளோட்டிங்-ப்ராமிசஸ், மிஸ்ஸிங்-ப்ளேரைட்-அவெயிட், வெயிட்-ஃபார்-டைம்அவுட் தடை. கூடவே டிஎஸ்சி. சிஐயில் இவை முடிந்தபின்தான் பிரவுசர் ஜாப்கள், கேஷ் கிடையாது. லோக்கலில் ப்ரீ ஸ்கிரிப்டை எடுக்கப் போவதில்லை, ஆனால் அதில் டைப் கேட்காத அவெயிட் விதி ஒன்று மட்டும் ஓடும், கன்சோல்.லாக் போட்டதற்கு யாரையும் நிறுத்தாது.

தச்சன்:
சிஐ பங்குக்கு என் ஆதரவு உண்டு. லோக்கலில் அந்த ஒரு விதியும் எதற்கு என்பதில்தான் இன்னும் உடன்பாடு இல்லை. எடிட்டரில் இஎஸ்லிண்ட் எக்ஸ்டென்ஷன் இருந்தால் அவெயிட் விடுபட்ட வரியின் கீழ் உடனே சிவப்புக் கோடு வரும், டெஸ்டை ஓட்டும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். ப்ரீ ஸ்கிரிப்டில் செலவழிக்கும் நேரத்தில், டீமில் எல்லோருக்கும் அந்த எக்ஸ்டென்ஷனைப் பரிந்துரைக்கும் ஃபைலை ரெப்போவில் போட்டுவிடுங்கள். பச்சை முக்கோணத்தை அழுத்துகிறவருக்கும் அது போய்ச் சேரும்.